வீட்டை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது: முழுநேரக் காரவான் வாழ்க்கைக்கு ஓர் அறிமுகம்

தென்னாப்பிரிக்காவில் காரவான், அதாவது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு, என்றதும் நம்மில் பலருக்கு ஈஸ்டர் விடுமுறைதான் ஞாபகம் வரும். ராக்கி பே, சால்ட் ராக் என்று ஏதாவது ஒரு கடலோரக் காரவான் பார்க்கில் நாலு குடும்பம் சேர்ந்து இடம் பிடித்து, பிராய் (நெருப்பில் இறைச்சி சுடுவது) போட்டு, மீன் குழம்பு வைத்து, திங்கள்கிழமை மாலை வீடு திரும்புவோம். அதையே ஆண்டு முழுக்கச் செய்தால் எப்படி இருக்கும்? வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, காரவானிலேயே குடியிருந்தபடி நாட்டைச் சுற்றி வருவதுதான் முழுநேரக் காரவான் வாழ்க்கை. அமெரிக்காவில் ஆர்.வி. என்று சொல்லும் வண்டிகளில் பலர் இப்படி வாழ்கிறார்கள். இங்கேயும் ஓய்வு பெற்ற தம்பதிகளும், லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கக்கூடிய இளையவர்களும் இதைச் செய்கிறார்கள். நம் ஆட்களில் இன்னும் நிறையப் பேர் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். இதை நீண்ட விடுமுறையாக நினைக்கக் கூடாது. இது இடம் மாறும் குடித்தனம். விடுமுறையில் போகிறவர் நாட்களை எண்ணிக்கொண்டே ஓடுவார். ஒரு நாளில் 600 கி.மீ. ஓட்டுவார், போன இடத்தில் மழை பெய்தால் மழையில்தான் பார்த்தாக வேண்டும். குடித்தனக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. மழை விடும்வரை துணி மடித்துக்கொண்டு இருக்கலாம். இந்த நாட்டில் பார்க்கத் தகுந்தவற்றில் பாதி, காத்திருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. அதை ஊர்களின் பெயரோடு பின்னால் சொல்கிறேன். முதலில் வண்டி.

எந்த வண்டி?

மூன்று வழிகள் உண்டு. காருக்கோ பாக்கி என்னும் சின்ன டிரக்குக்கோ பின்னால் கட்டி இழுக்கும் காரவான்; எஞ்சினும் வீடும் ஒன்றாக இருக்கும் மோட்டார்ஹோம்; பாக்கியின் மேலே விரிக்கும் கூரைக் கூடாரம். கூடாரம் ஒரு மாதத்துக்குச் சரி, ஒரு வருடத்துக்கு முதுகு தாங்காது. மோட்டார்ஹோம் பார்க்க அழகு, மழையில் இறங்காமலே அடுப்படிக்குப் போகலாம். ஆனால் ரொட்டி வாங்கப் போவதென்றாலும் மொத்த வீட்டையும் எழுப்பிக்கொண்டு போக வேண்டும். காரவான் என்றால் ஸ்டாண்டில் (பார்க்கில் நமக்கு ஒதுக்கும் இடத்தில்) நிறுத்தி, கழற்றி, முன்பக்கம் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலில் நிற்கவைத்துவிட்டு, காரை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றலாம். முழுநேரத்துக்குக் காரவானே நல்லது என்பது என் முடிவு. க்ரூகர் வனவிலங்குப் பூங்காவில் இது இன்னும் தெளிவாகப் புரியும்: முன்னால் யானை வழிமறித்து நின்றால் காரைப் பின்னால் எடுக்கலாம், காரவானோடு அப்படிச் சட்டென்று பின்வாங்க முடியாது. முகாமுக்குப் போய்ச் சேரும் நாளில் மட்டும் இழுத்துக்கொண்டு போய், மற்ற நாட்களில் காரில் சுற்றுவதுதான் முறை.

எடை என்ற கணக்கு

புதிதாக வருகிறவர்கள் திரைச்சீலை நிறத்தைப் பார்க்கிறார்கள், மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள். எடையைப் பார்ப்பதில்லை. எடைதான் உயிரைக் காக்கும் கணக்கு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

காரவானின் லைசென்ஸ் டிஸ்கில் இரண்டு எண்கள் இருக்கும். டேர் என்பது காலி வண்டியின் எடை. ஜி.வி.எம். என்பது எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு அது தாண்டக் கூடாத எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடிய சாமான். ஒரு உதாரணம்: டேர் 1,100 கிலோ, ஜி.வி.எம். 1,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 250 கிலோ. 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. 9 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்பின் எடையையும் சேர்த்தால் 35 கிலோவுக்கு மேல். பழைய வகை பேட்டரி 30 கிலோ பக்கம். காரவானின் பக்கத்தில் கட்டும் ராலி டென்ட்டும் கம்பிகளும் இன்னொரு 35 கிலோ. இப்பவே 160 போய்விட்டது. மீதி 90 கிலோவில்தான் இரண்டு பேருடைய துணிமணி, பாத்திரம், அரிசி, பருப்பு, நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். கல் கிரைண்டரை ஏற்றலாமா என்று கேட்டால், எதை இறக்குவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

அடுத்தது, அந்த எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. கனமானவை தரையோடு, அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் முன்னால் இருக்கும் கொக்கி மேலே தூக்கும், காரவானின் வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். N3 நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று உரசிக்கொண்டு தாண்டும்போது அந்தக் காற்றே போதும், ஆட்டத்தைக் கிளப்பிவிட. அப்போது பிரேக்கை அழுத்தக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பியும் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. நேராகப் பிடித்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், தானாக அடங்கும். மணிக்கு 80, 90 கி.மீ. போதும். குடித்தனக்காரருக்கு எதற்கு அவசரம்?

உங்கள் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பாருங்கள். கோட் பி என்று மட்டும் இருந்தால், 750 கிலோ ஜி.வி.எம். வரை உள்ள டிரெய்லரைத்தான் இழுக்கலாம். பெரும்பாலான காரவான்கள் அதைத் தாண்டும், அதற்கு இ.பி. வேண்டும். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம் என்றால் சி1. விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

கரன்ட், தண்ணீர், அடுப்பு

காரவான் பார்க் ஸ்டாண்டுகளில் பொதுவாகக் கரன்ட் இருக்கும். சில இடத்தில் நீல நிற 16 ஆம்ப் பிளக், சில இடத்தில் வீட்டில் இருப்பது போன்ற உருண்டைக் கம்பி மூன்று உள்ள 15 ஆம்ப் பிளக். இரண்டுக்கும் அடாப்டர் வைத்துக்கொள்ளுங்கள். கரன்ட் இல்லாத முகாம்களுக்கும், லோட் ஷெட்டிங் வந்தால் சமாளிக்கவும் பேட்டரியும் சோலாரும் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-ஹவர். பழைய ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. 12 வோல்ட் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 400, 500 வாட்-ஹவர் குடிக்கும். 200 வாட் சோலார் பலகை ஒன்று நம் ஊர் வெயிலில் அதை ஈடுகட்டிவிட்டு, விளக்குக்கும் போனுக்கும் மிச்சம் கொடுக்கும். கெட்டிலும் மிக்ஸியும் ஸ்டாண்ட் கரன்ட் இருக்கும் நாளில்தான்.

ஆகவே மாவு அரைப்பதைக் கரன்ட் உள்ள இடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: செயின்ட் லூசியாவின் புழுக்கத்தில் இட்லி மாவு ராத்திரிக்குள் பொங்கி வழியும், டிராக்கன்ஸ்பெர்க் மலையில் ஜூலை மாதம் அதே மாவு மறுநாள் மதியம்வரை அசையாது. குளிர் ஊர்களில் மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிக் காருக்குள் வெயில் படும் இடத்தில் வையுங்கள். கறிவேப்பிலையும் மசாலாவும் டர்பனிலேயே கைநிறைய வாங்கிக்கொள்ளுங்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் கிடைக்கும் மசாலாவுக்குக் காரூ பாலைவன ஊர்களில் அலைய வேண்டியிருக்கும். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் பருப்பு வகைகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். சின்ன ஊர் ஹோட்டலில் இறைச்சி இல்லாத சாப்பாடு என்றால் சிப்ஸும் சீஸ் சாண்ட்விச்சும்தான்.

காஸ் அடுப்பு எரியும்போது ஜன்னல் ஒன்று திறந்தே இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கும் அப்படித்தான். காமாட்சி விளக்கையும் கற்பூரத்தையும் உள்ளே ஏற்றாமல், சிலிண்டரிலிருந்து தள்ளி, வெளியே ஒரு சின்ன மேசையில் ஏற்றுங்கள். திறந்த வானத்தின் கீழே சாம்பிராணி போடுவதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

குளிக்க, கழுவ அப்ளூஷன் பிளாக் இருக்கும். உள்ளே வைக்கும் கெமிக்கல் டாய்லெட்டை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் காலி செய்ய வேண்டும், புதர் ஓரத்தில் அல்ல.

மழைக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்று

இனி முக்கியமான பகுதி. இந்த நாட்டில் மழை இரண்டு விதம். கேப் டவுனைச் சுற்றிய மேற்குக் கரையில் குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை மழை. நேட்டால், க்ரூகர், ஃப்ரீ ஸ்டேட், ஹைவெல்ட் மேட்டுநிலப் பக்கமெல்லாம் கோடையில் மழை, குளிர்காலத்தில் வறண்ட நீல வானம். எனவே குளிர்காலத்தைக் கிழக்கிலும், வசந்தத்தையும் கோடைத் தொடக்கத்தையும் மேற்கிலும் தெற்கிலும் கழித்தால், வருடத்தின் பெரும்பகுதி நல்ல வானிலையிலேயே போய்விடும். வழியை வரைபடத்தைப் பார்த்துப் போடாதீர்கள், மாதத்தைப் பார்த்துப் போடுங்கள்.

மே மாதம் டர்பனிலிருந்து வடக்கே கிளம்பலாம். செயின்ட் லூசியா, 1999-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஐசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவின் வாசல். அங்கே நீர்யானைகள் இரவில் ஊருக்குள்ளேயே மேய வரும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் அப்ளூஷனுக்கு நடக்காதீர்கள். கூடாரக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் புல்லைப் பிடுங்கும் சத்தம் கேட்டால் உள்ளேயே இருங்கள்.

ஜூன், ஜூலையில் க்ரூகர். புல் வற்றி, குளங்கள் சுருங்கி, மிருகங்கள் தண்ணீரைத் தேடி வரும் காலம். மலேரியா ஆபத்தும் கோடையைவிடக் குறைவு. தார் ரோட்டில் 50 கி.மீ., மண் ரோட்டில் 40 கி.மீ. வேகம்தான். குளிர்காலத்தில் முகாம் கேட்டை மாலை 5.30-க்கு மூடிவிடுவார்கள். சட்டாரா, லோயர் சபி, லெட்டாபா எல்லாம் பெரிய முகாம்கள், கடை, கரன்ட் எல்லாம் உண்டு. பலுலே என்றொரு சிறிய முகாம் இருக்கிறது, கரன்ட் கிடையாது. நிறவெறிக் காலத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கென்று ஒதுக்கிவைத்த முகாம் அது. இன்று அதன் இருட்டையும் அமைதியையும் தேடி எல்லோரும் போகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஒரு ராத்திரியாவது அங்கே தங்குங்கள். வேலிக்கு வெளியே கழுதைப்புலி நடந்துபோவது தெரியும். நீங்கள் வெள்ளரிக்காய் வெட்டும் இடைவெளியில் குரங்குகள் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். எதையும் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

அங்கிருந்து பிரிட்டோரியா வழியாக மேற்கே. மராபஸ்டாட் மாரியம்மன் கோவில் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு N14 நெடுஞ்சாலையைப் பிடித்தால், குருமான், அப்பிங்டன் தாண்டி ஸ்பிரிங்பாக் வரை ஒரே ரோடு. நடுவில் ஆக்ராபீஸ்: ஆரஞ்சு ஆறு கருங்கல் பள்ளத்தில் 50 மீட்டருக்கு மேல் விழும் இடம். ஆகஸ்டில் நமக்வாலாந்து போய்ச் சேர வேண்டும். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் மண் சில வாரங்களுக்கு ஆரஞ்சும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். ஆனால் அந்தப் பூக்கள் மேகம் மூடினால் விரியாது. காலை பத்தரைக்குப் பிறகு, வெயில் அடித்தால்தான் திறக்கும், மாலை நாலு மணிக்கு மூடிக்கொள்ளும், சூரியனைப் பார்த்தபடிதான் நிற்கும். இரண்டு நாள் லீவில் பறந்துவந்தவர், அந்த இரண்டு நாளும் மேகமாக இருந்தால் பச்சைச் செடியை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். நீங்கள் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டு மூன்றாம் நாளுக்காக இருக்கலாம். இந்த வாழ்க்கையின் முழு அர்த்தமும் எனக்கு அங்கேதான் புரிந்தது.

செப்டம்பர், அக்டோபரில் ஹெர்மானஸ். பாறைமேல் நின்றே திமிங்கிலம் பார்க்கலாம், படகு தேவையில்லை. காற்று அடங்கிய காலை வேளையாகப் பார்த்துப் போங்கள். அங்கிருந்து கேப் அகுல்லாஸ் பக்கம்தான். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்முனை இதுதான், கேப் ஆஃப் குட் ஹோப் அல்ல. இந்தியப் பெருங்கடலும் அட்லாண்டிக்கும் இங்கே சேர்கின்றன. நம் ஆட்களுக்கு இது இன்னொரு கன்னியாகுமரி. 1849-ல் ஏற்றிய கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. நவம்பரில் கார்டன் ரூட் வழியே கிழக்கே திரும்பினால் சிட்சிகாமா. ஸ்டோர்ம்ஸ் ரிவர் மவுத் முகாமில் ஸ்டாண்டுக்கும் அலைக்கும் நடுவே சில எட்டு தூரம்தான். உப்புக் காற்று காரவான் இரும்பைத் தின்னும் என்பதால், கிளம்பும்போது நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். கொஞ்சம் தள்ளி ஆடோ யானைப் பூங்கா. 1931-ல் அதை அமைத்தபோது அங்கே மிச்சமிருந்தது 11 யானைகள். இன்று ரோட்டோரக் குளத்தில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன.

டிசம்பர் நடுவில் பள்ளி விடுமுறை தொடங்கும். கடலோரப் பார்க்குகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும், விலையும் ஏறும். அந்த ஐந்தாறு வாரம் கடற்கரையை விட்டுவிட்டு மேட்டுக்குப் போய்விடுவது நல்லது. அதற்கும் முன்பதிவு தேவைதான், ஆனால் நெரிசல் குறைவு. ஃப்ரீ ஸ்டேட்டில் கிளாரென்ஸுக்குப் பக்கத்தில் கோல்டன் கேட் மலைப் பூங்கா, கோடையிலும் இரவில் போர்வை தேடும் உயரம். மணற்கல் பாறைகள் மாலை வெயிலில் தங்க நிறமாகும். மத்தியானத்தில் இடியும் ஆலங்கட்டி மழையும் வரும், காரவான் கூரைக்குக் கெட்டிப் போர்வை ஒன்று வைத்திருங்கள்.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒரு கதை இருக்கிறது. இந்தியர்கள் ஃப்ரீ ஸ்டேட்டில் குடியிருக்கக் கூடாது என்று 1891-ல் சட்டம் போட்டார்கள். நம் தாத்தாமார் காலத்தில் டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிறவர்கள் இந்த மாகாணத்தில் ராத்திரி தங்காமல் கடந்துவிட வேண்டும். ஆயா கட்டிக்கொடுத்த பட்கோஸை (வழிச் சாப்பாட்டை) ரோட்டோரத்தில் சாப்பிட்டுவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக 1975 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். ஃப்ரீ ஸ்டேட் தடை 1986-ல்தான் விலகியது. பூங்காக்களையும் கடற்கரைகளையும் நிறம் பார்த்துப் பிரித்த சட்டம் 1990-ல் ஒழிந்தது. ஆகவே கோல்டன் கேட்டில் காரவானைப் போட்டு, வேண்டிய நாள் தங்கி, வேண்டியபோது கிளம்புவது எனக்குச் சாதாரண உல்லாசமாகத் தெரியவில்லை. அவர்கள் ஓட்டிக் கடந்த மண்ணில் நாம் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முடிந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரை அங்கே அழைத்துப் போங்கள்.

அங்கிருந்து ஹாரிஸ்மித் தாண்டி இறங்கினால் ராயல் நேட்டால் பூங்கா, மஹாய் முகாம். ஆம்பிதியேட்டர் என்னும் பாறைச் சுவர் எதிரே நிற்கும், டுகெலா ஆறு அதன் உச்சியிலிருந்து 900 மீட்டருக்கு மேல் படிப்படியாக விழும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் நிறைந்திருக்கும். மத்தியான இடிக்கு முன்பே நடந்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பெரிய வெள்ளிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோவிலில் தீமிதி, இசிப்பிங்கோ மாரியம்மனுக்கும் அதே சமயம் திருவிழா. ஈஸ்டருக்குச் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டு, பல்லையும் கண்ணையும் டாக்டரிடம் காட்டிவிட்டு, டயரை மாற்றிவிட்டு, மறுபடி மே மாதத்துக்குத் தயாராகலாம்.

ரோடும் காகிதமும்

இருட்டிய பிறகு இழுக்காதீர்கள். கிழக்கு கேப்பில் N2 நெடுஞ்சாலையில் மாடும் ஆளும் ரோட்டில் இருப்பார்கள், குழியும் இருக்கும். கண்ட இடத்தில் ரோட்டோரம் நிறுத்தித் தூங்குவதும் இந்த நாட்டில் வேண்டாம். காவல் உள்ள பார்க்கில் மட்டும் தங்குங்கள். ஸ்வார்ட்பெர்க் பாஸ், சானி பாஸ் போன்ற மலை ரோடுகளுக்குக் காரவான் ஆகாது. ஸ்வார்ட்பெர்க்குக்குப் பதில் பக்கத்திலேயே மெய்ரிங்ஸ்போர்ட்டில் நல்ல தார் ரோடு இருக்கிறது. வான் ரீனன்ஸ் பாஸ் ஏறும் முன் வானிலை பாருங்கள்: 2024 செப்டம்பரில் பனி கொட்டி, N3-இல் வண்டிகள் ராத்திரி முழுக்கச் சிக்கிக்கொண்டன. பெட்ரோல் விலை ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும், ஏறும் என்று அறிவித்தால் செவ்வாயே நிரப்பிவிடுங்கள்.

முகவரிதான் பலரும் யோசிக்காத சிக்கல். பாங்கிக்கும் வண்டி லைசென்ஸுக்கும் நிலையான முகவரி கேட்பார்கள். மகளோ தம்பியோ யாராவது ஒருவர் வீட்டு முகவரியை, அவர் சம்மதத்தோடு, எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கொடுங்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வண்டி இரவில் ஒரே இடத்தில் நிற்காது, இதில்தான் குடியிருக்கிறோம் என்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பின்னால் பணம் வராது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் ஆறு மாதத்துக்குச் சீட்டு எழுதித் தரலாம். கிளை நிறைய உள்ள மருந்துக்கடையில் அதைப் பதிந்துவைத்தால் எந்தப் பெரிய ஊரிலும் வாங்கிக்கொள்ளலாம். இன்சுலினுக்குப் பிரிட்ஜ் தேவை. அப்படியென்றால் பேட்டரிக் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஜூன் மாதம் ஒரு காரவானை வாடகைக்கு எடுத்து, நேட்டால் தென்கரையில் ஒரே ஸ்டாண்டில் இரண்டு வாரம் இருங்கள். மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும் பருவம் அது, பார்க்கவும் ஏதாவது இருக்கும். அந்த இரண்டு வாரமும் அங்கேயே சமைத்து, துவைத்து, மழை வந்தால் உள்ளேயே இருவரும் உட்கார்ந்து பாருங்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது, எந்தப் பாத்திரத்தைத் தொடவே இல்லை, யாருக்கு எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.